ஓட்டுநர் இல்லாத கார்: 1939-இல் காட்டிய படம்

ஓட்டுநர் இல்லாத கார் நேற்று முளைத்த விஷயம் அல்ல. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஃபியூச்சராமா' என்றொரு அரங்கம் அமைத்தது. நார்மன் பெல் கெடஸ் என்பவரின் கைவண்ணம். நகரும் நாற்காலிகளில் மக்களை உட்காரவைத்து, 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவை ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல் பொம்மை நகரமாகக் காட்டினார்கள். அகன்ற நெடுஞ்சாலைகள், அவற்றில் ரேடியோ கட்டுப்பாட்டில் இடைவெளி விட்டு ஓடும் கார்கள். பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம்.

1960 வந்தது. சாலைகளும் வந்தன. தானாக ஓடும் கார் மட்டும் வரவில்லை!

1956 நெடுஞ்சாலைச் சட்டப்படி செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. அப்புறம் எந்த ஊர் வேண்டாம் என்று சொல்லும்? கார் செய்யும் ஊரான டெட்ராய்ட்டிலேயே, கறுப்பின மக்களின் கடைத்தெருவாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு, கிரைஸ்லர் விரைவுச்சாலைக்காக இடிபட்டது. கடை வைத்திருந்தவர்கள், குடியிருந்தவர்கள் எல்லாரும் மூட்டை கட்டினார்கள்.

நகரமைப்பு வேலையில் காலம் தள்ளியவன் நான். சாலை அகலப்படுத்தும் கோப்புகள் எத்தனையோ என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒன்றிலாவது நடைபாதை அகலமானதாக ஞாபகம் இல்லை.

இப்போது அந்தக் கார் நிஜமாகவே வந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2023 ஆகஸ்டில் வேமோ, குரூஸ் கார்களுக்கு இரவு பகலாகக் கட்டணச் சவாரி ஓட்ட அனுமதி கிடைத்தது. கொடுத்தது மாநில ஆணையம். தீயணைப்பு வண்டிக்குக் குறுக்கே நிற்கின்றன என்று நகர அதிகாரிகள் முறையிட்டும் பலன் இல்லை. தெரு நகரத்துடையது, அனுமதி வேறொருவர் கையில்!

ஒரு நல்ல காரியத்தை அந்த நகரம் முன்பே செய்திருந்தது. கட்டடம் கட்டினால் இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை 2018-லேயே எடுத்துவிட்டது. ஆளை இறக்கிவிட்டுப் போகும் காருக்கு வாசலில் இடம் எதற்கு? ஆனால் காலி கார் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் தொல்லைதான். அதற்குக் கட்டணம் போட வேண்டும். ஆள் ஏற, இறங்க எந்த ஓரம், பஸ்ஸுக்கு எது, நடப்பவருக்கு எவ்வளவு என்று வண்டிகள் பெருகுமுன் வரைபடத்தில் கோடு போட்டுவிட வேண்டும். பெருகிய பிறகு போனால், அங்கே ஏற்கெனவே ஒரு கார் நிற்கும்.