விரல்வழி கற்ற எழுத்து

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூர், நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்ற இடம். வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கத்தின் பயனாக 1906-ஆம் ஆண்டில் தேசியக் கல்விக் கழகம் தோன்றிற்று. அதன் வழிவந்த கல்லூரியே 1955-இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகமாயிற்று. நம் மக்களுக்கு நாமே கல்வி வகுத்துக்கொள்ள வேண்டுமென்பது அவ்வியக்கத்தின் குறிக்கோள். ஆயின், 'நம் மக்கள்' என்ற சொல்லில் எல்லாக் குழந்தைகளும் அடங்கினரோ? அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைக்கு அக்காலப் பள்ளிகளில் இடமில்லை. 'இவனுக்கு எழுத்து ஏறாது' என்பதே உலகம் அளித்த தீர்ப்பு.

அத்தீர்ப்பை ஏற்காதவர்களும் வங்கத்தில் இருந்தனர். 1918-இல் கர்சியாங்கிலும், 1933-இல் ஜார்கிராமிலும் இக்குழந்தைகளுக்கென இல்லங்கள் எழுந்தன. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1953-இல் பால விஹார் பள்ளியைத் தொடங்கினார்.

இக்குழந்தைகள் படிக்க இயலும் என்பதற்குச் சான்று ஐரோப்பாவில் முன்னரே கிடைத்திருந்தது. பாரிஸில் இட்டார் என்னும் மருத்துவர், காட்டில் அகப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்கு உலோக எழுத்துகளைக் கொண்டு சில சொற்களை அறிவித்தார். அவர் மாணாக்கர் செகான், புலன்களைப் பழக்கி அறிவை எழுப்பும் முறையை வகுத்தார். இவ்விருவர் நூல்களையும் ஆழ்ந்து கற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், 1900-ஆம் ஆண்டையொட்டி ரோம் நகரில் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்தார். மரத்தில் செதுக்கிய எழுத்துகளை அவர்கள் விரலால் தடவினர். கண்ணுக்குப் பிடிபடாத வடிவம் கைக்குப் பிடிபட்டது. அவர்களுட் சிலர் ஏனைய பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரோ, 'இவர்களே இவ்வளவு கற்பராயின், நலமுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு பின்னே நிறுத்தியிருக்கின்றன!' என்று எண்ணினார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று மழலையர் பள்ளிகளில் நாம் காணும் உப்புத்தாள் எழுத்துகள், புறக்கணிக்கப்பட்ட அக்குழந்தைகளிடம் கண்டறிந்த உண்மையின் விளைவே.

எனினும், ரோமில் கண்ட முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் போதாது. நம் எழுத்துகளுக்குத் தனி இயல்பு உண்டு. 'கே' என்பதை நோக்குவோம். கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ ககரத்திற்குப் பின்னே வருகிறது. வங்க எழுத்திலும் இத்தகைய குறிகள் உள. விரைந்து கற்கும் பிள்ளை இதனைக் கவனியாமலே கடந்துவிடும். மெல்லக் கற்கும் பிள்ளை இங்கே திகைத்து நிற்கும். ஆசிரியர் குறியையும் ஒலியையும் பிரித்துக் காட்டிச் சேர்த்துக் காட்டிப் பலநாள் பழக்க வேண்டும்.

இப்பிள்ளைகளுக்கு, 'அபாயம்' என்பது போன்ற சில சொற்களைப் படம்போல் அடையாளங் காட்டினால் போதுமென்று நெடுங்காலம் கருதினர். ஒலியும் எழுத்தும் முறையாக, ஆண்டுக் கணக்கில், பொறுமையோடு கற்பிக்கப்படின் இவர்களுட் பலர் பொருளுணர்ந்து படிப்பர் என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

2016-ஆம் ஆண்டின் சட்டம், கணிசமான குறைபாடுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். புத்தகத்தைத் திறப்பவர் ஆசிரியரே. அவருக்குப் பயிற்சியும் காலமும் நாம் அளித்தல் வேண்டும். அன்றே 1906-இல் தொடங்கிய தேசியக் கல்விப் பணி நிறைவுறும்.