முந்தியில் முடிந்த முனியாண்டி

பட்டிப்பொல ரயில் நிலையத்தைத் தாண்டி ஒஹிய பக்கம் போகும்போது, சுரங்கத்துக்குச் சற்று முன்னால், இலங்கை ரயில் பாதையின் உச்சி 6,226 அடி என்று சொல்லும் பலகை நிற்கிறது. இந்த உயரத்தில் பனை இல்லை, புளி இல்லை, வேம்பும் பிடிக்காது. இந்தக் குளிர்ச் சீமையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை ஒட்டி, டர்பன்டைன் மரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லும் துருவேறிய சூலமுமாக நிற்கிறாரே முனியாண்டி, அவர் பொட்டல் வெளியின் சாமி. மதுரைப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் ஊர் எல்லையைக் காத்தவர். அவர் எப்படி இத்தனை அடி ஏறினார்?

ஒரு பிடி மண்ணாக ஏறினார். குலதெய்வத்தை விட்டுத் தூரம் போகிறவர்கள் கோயில் வாசலில் பிடிமண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போவது தமிழ்நாட்டில் இன்றும் உள்ள வழக்கம். போன ஊரில் தோதான மரத்தடி பார்த்து மண்ணை இறக்கினால் அந்த இடம் கோயில். சிற்பி வேண்டாம், ஐயர் வேண்டாம், பட்டயமும் வேண்டாம். ஊரைவிட்டுக் கிளம்பியவனுக்கு இதைவிட வசதியான சாமி ஏது? தாத்தாவோ பாட்டியோ முந்தியில் மண் முடிந்து வந்த கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் அந்த மண் தோணியில்தான் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கியதும் கால்நடை. ஆள் சேர்த்து வந்த கங்காணி முன்னே, காடு இருபுறமும், வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே. தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தவர்கள் அங்கே மரத்தடி மாரியம்மனைக் கும்பிட்டு மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறினார்கள். மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் இன்றைய மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கம் அந்த மரத்தடிதான். வழியில் விழுந்தவர்கள் முடிந்து வந்த மண் எந்தக் காட்டில் சிந்தியதோ, அதற்குக் கணக்கு வைத்தவர் இல்லை.

1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் வந்தபின் பயணம் சுருங்கியது. மண்டபம் கேம்பில் ஆட்களுக்கு அம்மை குத்தி, சில நாள் அடைத்து வைத்து, உடம்பில் நோயில்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள். முனியாண்டியை யாரும் பரிசோதித்ததாகத் தெரியவில்லை. பட்டிப்பொலவைத் தாண்டி ஹப்புத்தளை வரை ரயில் பாதை 1893-இலேயே போய்விட்டதால், பின்னால் வந்தவர்களின் சாமிகளுக்கு ஏற்றம் அவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

தோட்டத்தில் மண்ணை எங்கே இறக்குவது என்பதில் பக்தி மட்டும் பேசவில்லை. பெரிய கங்காணியின் சாமிக்கு மேட்டில் நல்ல இடம். மற்றவர்களின் மாடசாமியும் கறுப்பண்ணசாமியும் மதுரைவீரனும் லயக்கோடியிலோ ஓடைக்கரையிலோ கல்லாக நின்றார்கள். ஊரில் இருந்த சாதி அடுக்கும் அதே முந்தியில் முடியப்பட்டுத்தான் வந்தது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இதற்குப் பிறகு நடந்ததுதான். வந்த சாமிகள் வேலைக்குப் பேர் கொடுத்தார்கள். காப்பியை இலைத்துரு நோய் தின்றுவிட, தேயிலை வந்தது. தேயிலையோடு, கொழுந்தைத் தூளாக்கும் ஆலையான ஸ்டோர் வந்தது. அங்கே நீரால் சுழலும் சக்கரம், அதிலிருந்து நீண்ட தண்டு, தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இழுபடும் தோல் பட்டி. பட்டியில் சேலைத் தலைப்போ கையோ சிக்கினால் முடிந்தது. மலையில் சக்கரத்தை ரோதை என்பார்கள். ஊர் எல்லை காத்த முனி இப்போது ரோதைமுனி. சேவல் அறுத்து, சாராயம் படைத்து, சுருட்டு வைத்து, இந்த வருஷம் யார் கையையும் கேட்காதே என்று வேண்டிக்கொண்டார்கள். கத்தி எடுத்துச் செடியை வெட்டிவிடும் பருவத்துக்குக் கவ்வாத்துச் சாமி, பறிக்கும் மலைக்குக் கொழுந்துச் சாமி. இவர்களைத் தமிழ்நாட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம்: ஆள் கையை இழுக்கிற பட்டிக்குக் காப்பு வேண்டும் என்று அந்த ஸ்டோரில் வேறு யார் அக்கறைப்பட்டார்கள்?

சாமி வேலை மாறுவது உலகத்தில் வேறெங்கும் நடக்காததல்ல. ஜப்பானில் இனாரி முதலில் நெல்லின் தெய்வம். கியோட்டோவிலுள்ள ஃபுஷிமி இனாரியைத் தலைமையாகக் கொண்ட கோயில்கள் முப்பதாயிரம் இருக்கும் என்கிறார்கள். தெய்வத்தின் ஒரு கூற்றை வேண்டிப் பெற்று இன்னோரிடத்தில் எழுந்தருளச் செய்வது ஷின்டோவில் முறையான சடங்கு. நம் பிடிமண் போலத்தான், என்ன, அங்கே பூசாரியின் அனுமதி உண்டு. நெல் காத்த இனாரி பிறகு வியாபாரிகளுக்கும் காவலானார். டோக்கியோவில் மிட்சுகோஷி அங்காடியின் மொட்டைமாடியிலேயே அவருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன ஜப்பானியர்களும் வெறுங்கையோடு போகவில்லை. ஹிலோ ஊரில் 1898-இல் அவர்கள் எழுப்பிய ஷின்டோ கோயில் இன்றும் நடக்கிறது.

மலையகத்துச் சாமிகளுக்கு 1964 அக்டோபரில் இன்னொரு பயணம் விதிக்கப்பட்டது. இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. சாமிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ஏராளமானோர் இலங்கையில் பிறந்தவர்கள். பூர்வீக ஊரில் அவர்களை அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் லயத்தில் குடியேறினார்கள். அங்கும் மாரியம்மன் திருவிழா வந்தது, கரகமும் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அவர்கள் சிலோன்காரர்கள். ஒரு தலைமுறைக்கு முன் சிலோனில் அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள்.

மலையில் தங்கியவர்களின் கோயில்களும் மாறிவிட்டன. மரத்தடி மாரியம்மனுக்கு இப்போது சிமெந்துக் கோபுரம், கும்பாபிஷேகம், ஒலிபெருக்கி. சம்பளத்தில் பிடித்த கோயில் பணத்தில் எழுந்த கோபுரங்கள். கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் ஆகமம் உள்ளே வந்ததும் பல இடங்களில் முனி மதிலுக்கு வெளியே போனார். உயிர்ப்பலி கூடாது என்று கமிட்டி முடிவெடுக்கும், முனிக்குச் சேவல் மதிலுக்கு அந்தப் பக்கம் அறுபடும்.

ஸ்டோர்களிலும் பழைய வேலை இல்லை. மோட்டார் வந்தது, தோல் பட்டி போனது, எத்தனையோ ஸ்டோர்கள் மூடப்பட்டன. கந்தப்பொலையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் ஆடம்பர ஹோட்டலாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் வளைகுடாவில் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்கள் முனியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். புது த்ரீவீல் வாங்கியவன் நேரே மரத்தடிக்கு ஓட்டி வந்து, தேங்காய் உடைத்து, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் முதல் வாடகைக்குப் போகிறான்.