ரோமாபுரிக்கு அன்னமிட்ட துறைமுகம்

நம் அன்பர்களில் பலர் அயல்நாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் வழியில் ரோம் நகரின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்கியிருக்கக் கூடும். அந்த விமான நிலையத்தை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. அதற்கு ஆறு கரைகள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் எல்லாம் நேர்க்கோடு, எல்லாம் ஒரே நீளம். இயற்கை இப்படி ஏரி வெட்டுவதில்லை. ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தோண்டிய துறைமுகம் அது. கடல் இன்று அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. போர்ட்டுஸ் என்பது அந்த இடத்தின் பெயர். லத்தீன் மொழியில் அதற்குத் துறைமுகம் என்றே பொருள்.

இப்படி ஒரு துறைமுகம் ஏன் தேவைப்பட்டது? அன்றைய ரோமில் சுமார் 10 லட்சம் மக்கள் வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் வேண்டிய கோதுமை அக்கம்பக்கத்தில் விளையவில்லை. எகிப்து, வட ஆப்பிரிக்கா, சிசிலி, சார்டீனியா ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வரவேண்டும். அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் குடிமக்களுக்குத் தானியம் இலவசமாகவே வழங்கப்பட்டது. நம் ரேஷன் முறைக்கு மூதாதை என்று சொல்லலாம். ஆனால் டைபர் நதியின் முகத்துவாரத்தில் இருந்த ஆஸ்டியாவில் மணல்மேடு குறுக்கிட்டது. பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நின்று சரக்கைச் சிறு படகுகளில் இறக்கவேண்டியிருந்தது. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த பெருங்கப்பல்களோ, ரோமுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில், நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள புட்டியோலிக்குப் போய் நின்றன.

ஜூலியஸ் சீசரே இங்கு ஒரு துறைமுகம் அமைக்க எண்ணி, சிரமத்தைக் கண்டு கைவிட்டார். கி.பி. 42-இல் வேலையைத் தொடங்கியவர் கிளாடியஸ் சக்கரவர்த்தி. எவ்வளவு செலவாகும் என்று அவர் கட்டட வல்லுநர்களைக் கேட்டபோது, "வேண்டாம், இதைச் செய்ய உங்களுக்கே மனம் வராது" என்ற ரீதியில் பதில் சொன்னார்களாம். செலவைக் கேட்டால் மன்னர் பயந்துவிடுவார் என்று அவர்கள் நம்பியதாக காஸியஸ் டியோ என்ற சரித்திராசிரியர் எழுதுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடும் எஸ்டிமேட்டுகளோடும் காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எஸ்டிமேட்டைக் காட்டி ஒரு திட்டத்தை மூடவைக்கும் வித்தை அன்றே இருந்திருக்கிறது!

கிளாடியஸ் பின்வாங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர் பட்டத்துக்கு வந்த சமயத்திலேயே நகரில் தானியத் தட்டுப்பாடு. துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த கி.பி. 51-இல்கூட, நகரில் 15 நாள் உணவுதான் கையிருப்பு என்ற நிலை வந்தது. பொதுச் சதுக்கத்தில் மக்கள் சக்கரவர்த்தியைச் சூழ்ந்து ஏசி, ரொட்டித் துண்டுகளை அவர் மீது வீசினார்கள். அவர் பின்வாசல் வழியாக அரண்மனைக்குள் தப்ப வேண்டியிருந்தது. உலகத்தையே ஆண்டவரும் ஊருக்குச் சோறு போட முடியாவிட்டால் அவ்வளவுதான்.

கடலுக்குள் இரண்டு நீண்ட அலைத்தடுப்புச் சுவர்கள். வாயிலில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் அஸ்திவாரம் சுவாரஸ்யமானது. முன்பு எகிப்திலிருந்து ஒரு பெரிய கல்தூணை ஏற்றிவந்த ராட்சதக் கப்பலைக் காங்கிரீட்டால் நிரப்பி அங்கே மூழ்கடித்து, அதன் மேல் விளக்கை எழுப்பினார்கள். அந்தக் கல்தூணை இன்று வாடிகனில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே காணலாம்.

காங்கிரீட்டா என்று அன்பர்கள் வியக்கலாம். ரசாயனம் படித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க ஆசைப்படுகிறேன். சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தண்ணீருக்கடியில் இறுகாது. ஆனால் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தால், அதிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து நீருக்குள்ளேயே கல்லாகிவிடும். நல்ல சாம்பல் கிடைத்த இடம் மேலே சொன்ன புட்டியோலி. அதனால் அதற்குப் போசலானா என்று பெயர். நாம் வீடு கட்ட வாங்கும் மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டிருக்கிறதே, அதில் இரண்டாவது 'பி' இந்த ஊரின் பெயர்தான். இன்று எரிமலைச் சாம்பலுக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்க்கிறார்கள். ரோமானியக் கடற்காங்கிரீட்டினுள் கடல்நீர் ஊறுவதால் புதிய படிகங்கள் வளர்ந்து அதை வலுப்படுத்துகின்றன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வளவு செய்தும் திட்டம் முழு வெற்றி பெறவில்லை என்பதுதான் முக்கியமான விஷயம். கிளாடியஸ் அமைத்த நீர்ப்பரப்பு சுமார் 500 ஏக்கர். அவ்வளவு விசாலமான இடத்தில் காற்று வீசினால் உள்ளேயே அலை எழும். கி.பி. 62-இல் அடித்த புயலில், துறைமுகத்துக்குள் நின்ற சுமார் 200 கப்பல்கள் நாசமாயின. நதிவழியே மேலே சென்றிருந்த இன்னொரு 100 கப்பல்கள் தீக்கிரையாயின. அப்போது ஆண்ட நீரோ தானிய விலையை உயர்த்தவில்லை. பழசாகிக் கெட்டுப்போன தானியத்தை டைபரில் கொட்டச் செய்து, கையிருப்பு தாராளமாக இருப்பதாக மக்களுக்குக் காட்டினார். இரண்டொரு ஆண்டுகளில் துறைமுகத்தின் அழகிய படத்தோடு நாணயமும் வெளியிட்டார். குறை அப்படியே இருந்தது.

அதைத் திருத்தியவர் கி.பி. 98 முதல் 117 வரை ஆண்ட டிராஜன். முன்னோர் கட்டியதை இடிக்காமல், அதற்கு உட்புறம் நிலத்தைத் தோண்டி அறுகோண வடிவில் இரண்டாவது துறையை அமைத்தார். ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்கு மேல். பரப்பு சுமார் 80 ஏக்கர். புயல் வெளித்துறையில் சீறினாலும் இங்கே தண்ணீர் அடங்கியிருக்கும். ஆறு கரைகளிலும் கப்பல்கள் அணைந்து நிற்கலாம். சுற்றிலும் கிடங்குகள் எழுந்தன. தானியத்தில் ஈரம் ஏறாதபடி தரையை உயர்த்திக் கீழே காற்றோட்டம் விட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பத்தாயத்தைத் தரையில் படாமல் கால் வைத்து நிறுத்துவோமே, அதே யுக்திதான். அங்கிருந்து கால்வாய் வழியாக டைபரை அடைந்து, தட்டைப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்து ரோமுக்குக் கொண்டுபோனார்கள்.

கோதுமையோடு எண்ணெய், ஒயின், சலவைக்கல் எல்லாம் வந்தன. நம் தேசத்துச் சரக்கும் இந்த வழியில் பயணப்பட்டது. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, நைல் நதியில் அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து இத்தாலிக்குக் கப்பலேறும். செங்கடல் துறையான பெரனிகேயில் ஒரே ஜாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. முசிறிச் சரக்குக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று, கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளில் எழுதியது, வியன்னாவில் உள்ளது. இந்தச் சரக்குக்கு ரோமானிய அரசு விதித்த சுங்கம் நாலில் ஒரு பங்கு! ரோம் நகரில் மிளகுக்கென்றே டொமிஷியன் சக்கரவர்த்தி கிடங்குகள் கட்டியிருந்தார்.

துறைமுகத்தின் மதிப்பை நன்கு புரிந்துகொண்டவர் ரோமின் எதிரி ஒருவர். கி.பி. 409-இல் கோத்தியர் தலைவர் அலாரிக் போர்ட்டுஸைப் பிடித்தார். தானியக் கிடங்கு அவர் கைக்குப் போனதும் ரோமின் செனட் சபை அவர் சொற்படி நடக்கவேண்டியதாயிற்று. அதன்பின் அரசு பலவீனப்பட்டது. டைபர் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. வருஷந்தோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. தூர் வார ஆளும் பணமும் இருந்தவரை துறைமுகம் இருந்தது. அவை போனபின் அதுவும் போயிற்று. கிளாடியஸின் வெளித்துறையில் ஒரு பகுதி இன்று விமான நிலையத்தின் அடியில் கிடக்கிறது.

ஒரு பொதுப்பணியைத் தொடங்கத் துணிச்சல் வேண்டும். அது கிளாடியஸிடம் இருந்தது. ஆனால் திறப்பு விழாவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. குறை கண்ட இடத்தில் திருத்தவும், திருத்தியதை ஆண்டுதோறும் பராமரிக்கவும் அடுத்தடுத்து வருபவர்கள் வேண்டும். பராமரிப்புக்கு யாரும் நாணயம் அடிப்பதில்லை. ஆனால் மூன்று, நான்கு நூற்றாண்டுகள் ரோமாபுரி சாப்பிட்டது அதனால்தான். டிராஜன் கால்வாய் இன்றும் கடலுக்கு ஓடுகிறது. ஃபியூமிசினோ மீனவர்களின் படகுகள் அதன் இரு கரைகளிலும் கட்டி நிற்கின்றன.