மந்திரக் கதைக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் யார்?

ஒரு சிறுவர் நூல் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? திறனாய்வாளருக்கா, பெற்றோருக்கா, படிக்கும் பிள்ளைக்கா? இந்தக் கேள்வியை நாடு விட்டு நாடு கொண்டு சென்றவை ஹாரி பாட்டர் நூல்கள்.

ஜே.கே.ரௌலிங் எழுதிய முதல் நூலைப் பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. இலண்டனில் உள்ள புளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர், முதல் அத்தியாயத்தைத் தம் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். படித்து முடித்த சிறுமி, மீதிக் கதை எங்கே என்று கேட்டாள். ஆக, இந்நூலுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்ததே ஒரு குழந்தையின் கருத்துதான். 1997 ஜூன் 26ஆம் நாள் நூல் வெளிவந்தபோது கெட்டி அட்டையில் அச்சானவை 500 பிரதிகள் மட்டுமே.

அதே ஆண்டில் பிரிட்டனின் ஸ்மார்ட்டீஸ் நூல் பரிசு, 9 முதல் 11 வயதுக்கான பிரிவில் இந்நூலுக்குக் கிடைத்தது. இறுதிப் பட்டியலைப் பெரியவர்கள் தயாரித்தார்கள். எந்த நூலுக்குத் தங்கம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்து முடிவு செய்தார்கள். 1997, 1998, 1999 என மூன்று ஆண்டுகளும் தங்கம் ஹாரி பாட்டருக்கே சென்றது.

பெரியவர்களின் பிளவு

பெரியவர்கள் ஒருமித்துப் பேசவில்லை. 2000 ஜூலையில் அமெரிக்க இலக்கிய அறிஞர் ஹெரால்ட் புளூம், கோடிக்கணக்கில் வாங்குவதாலேயே ஒரு நூல் உயர்ந்ததாகிவிடாது என்று சாடினார். நடை பழகிப்போன சொற்களால் ஆனது என்றார். அதே மாதம் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் நான்காம் நூலைப் பாராட்டி எழுதினார். 2003இல் ஆங்கில எழுத்தாளர் ஏ.எஸ்.பயட், பெரியவர்களும் இதில் மூழ்குவது ஏன் என்று கடிந்துகொண்டார்.

நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் விற்பனைப் பட்டியலில் ஹாரி பாட்டர் நூல்கள் நீண்ட காலம் முன்னிடங்களைப் பிடித்திருந்தன. பெரியவர்களுக்கான நாவல்களுக்கு இடமில்லாமல் போனது. ஆகவே 2000 ஜூலையில் சிறுவர் நூல்களுக்கெனத் தனிப் பட்டியலே தொடங்க நேர்ந்தது.

நீதிமன்றம் வரை

இன்னொரு பக்கம், கதையில் வரும் மந்திரமும் சூனியமும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற அச்சம் அமெரிக்காவில் பரவியது. 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் இந்நூல்களைத் தீயிலிட்டனர். 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்வரிசை இதுவே என்று அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியலிட்டது.

ஆர்கன்சா மாநிலத்தில் சீடர்வில் பள்ளி வட்டாரத்தில் 2002இல் ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். நூல்களை ஆராய்ந்த குழு, அவை நூலகத்தில் இருக்கலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. பள்ளி வாரியமோ அதை ஏற்காமல், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குகளில் நூல்களைத் திறந்த அலமாரியிலிருந்து அகற்றியது. பெற்றோர் கையொப்பமிட்டால்தான் பிள்ளை அதை இரவல் பெற முடியும்.

ஒரு மாணவியின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அனுமதிதான் கிடைக்கிறதே, பிறகென்ன குறை? கெட்ட நூல் என்று முத்திரை குத்தப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையே ஒரு தடைதான் என்று கூட்டரசு நீதிமன்றம் கருதியது. கீழ்ப்படியாமை வளரும், சூனியம் பரவும் என்ற அச்சம் மட்டும் தடைக்குப் போதாது என்று கூறி, நூல்களை மீண்டும் அலமாரியில் வைக்கும்படி 2003 ஏப்ரலில் உத்தரவிட்டது.

பெற்றோரின் கவலையைப் புறந்தள்ள முடியாது. தம் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று வழிகாட்டுவது அவர்கள் கடமை. ஆனால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவது வேறு. புளூமும் பயட்டும் நூலைக் குறை சொன்னார்கள். பூட்டி வைக்கச் சொல்லவில்லை. குறை சொல்லும் உரிமையும் படிக்கும் உரிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்க முடியும்.

இந்நூல்கள் இதுவரை 60 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றுள்ளன. இலக்கியத் தரத்தை அந்த எண்ணிக்கை மெய்ப்பிக்காது. அதைச் சீர்தூக்கிப் பார்க்க நூல் முதலில் வாசகன் கைக்கு வரவேண்டும். படித்தபின் அவன் சொல்லும் தீர்ப்பு எதுவாயினும் அதற்கு மதிப்புண்டு.