பொதி பிரிந்தால் மென்பொருள் பிரிந்ததாகுமா?

பெரிய மென்பொருள் தொகுப்புகளைச் சிறுசிறு பொதிகளாக்கித் தருவதை லினக்ஸ் வழங்கல்கள் பயனருக்குச் செய்யும் உபகாரமாகவே பலரும் பேசுகிறார்கள். வேண்டியதை மட்டும் நிறுவிக்கொள்ளலாம், வட்டில் இடமும் மிச்சம். உண்மைதான். ஆனால் எந்தப் படியில் பிரித்தார்கள் என்று கேட்காமல் இந்தப் பயனை அளக்க முடியாது.

கேடிஇ என்ற பணிமேடையின் மூன்றாம் பதிப்புக் காலத்து வரைகலைத் தொகுப்பான கேடிஇகிராபிக்ஸைப் பார்ப்போம். பிடிஎஃப் படிக்கும் கேபிடிஎஃப், திரையைப் படம்பிடிக்கும் கேஸ்னாப்ஷாட், படம் வரையும் கோலர்பெயின்ட் எல்லாம் ஒரே மூலநிரல் கட்டில் வந்தன. ஸ்லாக்வேர் அதை ஒரே பொதியாகவே தந்தது. டெபியன் முழுக்கட்டையும் ஒருசேர இயங்குநிரலாகத் தொகுத்து, விளைந்த கோப்புகளைத் தனித்தனிப் பொதிகளில் பங்கிட்டது. 2005இல் வந்த கேடிஇ 3.4க்கு ஜென்டூ வேறு வழி கண்டது: கட்டிலிருந்து அந்தந்த நிரலுக்கான கோப்பகங்களை மட்டும் உருவி, தனியாகத் தொகுத்தது.

பாதுகாப்புத் திருத்தம் வரும்போது வேறுபாடு அம்பலமாகும். கேபிடிஎஃப் தன்னுள் எக்ஸ்பிடிஎஃப் என்ற மற்றொரு பிடிஎஃப் படிப்பானின் நிரலைச் சுமந்திருந்தது. அங்கே கண்ட ஓட்டைகள் பல இங்கேயும் இருந்தன. அடைப்பதற்கு டெபியன் கேடிஇகிராபிக்ஸ் முழுவதையும் மறுபடி தொகுத்தாக வேண்டும். அதில் பிறந்த பொதிகளுக்கெல்லாம் புதிய பதிப்பெண் விழும். கேஸ்னாப்ஷாட்டை மட்டும் வைத்திருப்பவருக்கும், அதன் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாத நிலையில், மேம்படுத்தல் வந்து நிற்கும். ஜென்டூவில் கேபிடிஎஃபை மட்டும் மறுபடி தொகுத்தால் போதும். அதற்கு விலையும் உண்டு. தொகுப்புக்கு முந்தைய சோதனைகள் பொதிக்குப் பொதி திரும்ப ஓடின. எந்தக் கோப்பகம் எதைச் சார்ந்தது என்ற கணக்கையும் பொதியாளரே பராமரித்தார். நிரலாளர் செய்திருக்க வேண்டிய வேலை அது என்பது என் கருத்து.

நிரலாளர்கள் அதைச் செய்யச் சில ஆண்டுகள் ஆயின. மூலநிரலைப் பேணும் கிட் கருவிக்கு மாறிய கையோடு, 2011இல் வந்த கேடிஇ 4.7இலிருந்து மூலக்கட்டுகளே பிரியத் தொடங்கின. மறு ஆண்டு வந்த ஸ்லாக்வேர் 14.0இல் கேடிஇகிராபிக்ஸிலிருந்த ஓக்குலரும் க்வென்வியூவும் தனிப்பொதிகள். பிரிவினையில் நாட்டமில்லாத வழங்கலும் மூலத்தின் வழியே போயிற்று. 2014இல் கேடிஇயின் அடிப்படை நிரலகத் தொகுப்பான கேடிஇலிப்ஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிரலகங்களாக உடைந்தது. எண்ணிக்கையைவிட அதில் வகுத்த அடுக்கு முறையே பெரிது: முதல் அடுக்கிலுள்ளது அதே தொகுதியின் வேறெந்த நிரலகத்தையும் சாரக்கூடாது. பொதியாளர்களுக்குப் பராமரிக்க வேண்டிய பொதிகள் பெருகியது மெய்; ஆனால் சார்புகளை ஊகித்து எழுதும் பாடு குறைந்தது.

லிப்ரெஆபிஸின் கதை வேறு. டெபியனில் கடிதம் எழுத ரைட்டர், கணக்குத்தாளுக்குக் கால்க் என்று தனிப்பொதிகள் உண்டு. லோரைட்டர் என்ற கட்டளையைத் திறந்து பாருங்கள்: சில வரி ஷெல் நிரல்தான், தொகுப்புக்கே பொதுவான எஸ்ஆபிஸ் என்ற நிரலை ரைட்டர் என்ற தெரிவோடு அழைக்கும். கடிதமும் கணக்குத்தாளும் ஒரே செயல்முறைக்குள் திறக்கின்றன. இரு பொதிகளும் ஒரே கோர் பொதியின் அதே பதிப்பைக் கேட்கின்றன. கால்க்கை நீக்கி மிச்சப்படுவது கொஞ்சம். உதவிக்கோப்புகளையும் மொழிக்கோப்புகளையும் பிரிப்பதில்தான் அங்கே மெய்யான ஆதாயம்: தமிழ் இடைமுகம் வேண்டியவர் அதற்கான ஒரு பொதியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், மற்ற மொழிகளின் கோப்புகள் அவர் வட்டுக்கு வருவதில்லை.