வரம்புக்குள் மொழி: கட்டமைந்த விடைகளின் வரலாறு

பெருமொழி மாதிரிகள் உரைநடையில் விடை கூறுவதை நாம் இன்று நாள்தோறும் காண்கிறோம். அவ்விடையை மனிதர்க்குப் பதிலாக மற்றொரு கணினி நிரல் படிக்க வேண்டியிருப்பின், உரைநடை பயன்படாது. பெயர் ஓரிடத்திலும் ஆண்டு ஓரிடத்திலும் உரிய குறிகளுக்குள் நிற்றல் வேண்டும். ஓர் அடைப்புக்குறி விடுபடினும் நிரல் நின்றுவிடும். இத்தகைய கட்டமைந்த விடையைப் பெறும் முறை புதிது. அதன் வேர் இலக்கண ஆய்வில் உள்ளது.

1956இல் நோம் சோம்ஸ்கி, மொழியை விவரிக்கும் மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். முடிவுறு நிலைப் பொறியும் தொடரமைப்பு இலக்கணமும் அவற்றுள் அடங்கும். 1959இல் ஜான் பேக்கஸ், நிரல்மொழியின் தொடரமைப்பை மாற்றெழுது விதிகளால் வரையறுத்தார். பீட்டர் நவுர் பதிப்பித்த அல்கால் 60 அறிக்கை அம்முறையை நிலைநாட்டியது. 1967இல் பீட்டர் இங்கர்மன், இக்குறியீட்டு முறைக்குப் பாணினியின் பெயரையும் சூட்டவேண்டும் என்று முன்மொழிந்தார். பண்டை இலக்கணியின் விதிமுறையும் கணினியின் விதிமுறையும் உறவுடையன என்பதை இது உணர்த்துகிறது.

இக்கருவிகளே இன்று மொழி மாதிரிக்கு வேலியாகின்றன. மாதிரி தன் விடையை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தருகிறது. ஒவ்வொரு படியிலும் தன் அகராதியிலுள்ள எல்லாத் துண்டுகளுக்கும் நிகழ்தகவு கணிக்கிறது. அப்போது இலக்கண விதி குறுக்கிட்டு, அவ்விடத்தில் வரத்தகாத துண்டுகளை நீக்கிவிடுகிறது. எஞ்சியவற்றுள் ஒன்றே தெரிந்தெடுக்கப்படுகிறது. 2023இல் வில்லார்டு, லூஃப் ஆகிய இருவர், முடிவுறு நிலைப் பொறியின் ஒவ்வொரு நிலைக்கும் தகுந்த துண்டுகளை முன்னரே அட்டவணையிட்டு இதனை விரைவுபடுத்தும் வழியைக் காட்டினர். அவ்வாண்டு நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம், விடை ஜேசன் வடிவில் அமையும் வசதியை அளித்தது. பயனர் வகுத்த அமைப்பினின்று விடை வழுவாதிருக்கும் வசதி 2024 ஆகஸ்டில் வந்தது.

இங்கு ஆசிரியரும் மாணவரும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும் என்று யாப்பு விதிக்கிறது. தளை தட்டாத வெண்பா பொய்யும் உரைக்கலாம். அதனை யாப்பு தடுக்காது. கட்டமைந்த விடையும் அத்தகையதே.

எழுத்தாளர் பட்டியல் ஒன்றில் பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாகவே இருத்தல் வேண்டும் என வகுத்தோமாயின், அறியாத ஆண்டுக்கும் மாதிரி நான்கு இலக்கங்களையே தரும். அறியேன் என்று கூறும் வழியை நாமே அடைத்துவிட்டோம். அட்டவணையின் ஒழுங்கு அப்பொய்க்கு நம்பகத் தோற்றமும் தருகிறது. ஆதலின், விதி வகுப்போர் வெற்றிடத்துக்கும் அதில் இடம் வைத்தல் வேண்டும். நிரம்பிய கட்டத்தைக் காணும் மாணவர், அதனை மூலநூலோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் வேண்டும். வடிவத்தைக் காப்பது இலக்கணம். உண்மையைக் காக்கும் பொறுப்பு இன்னும் நம்மிடமே உள்ளது.