கண்டிப் பிரதேசத்திற் பெற்றோரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு பெற்றோருக்குரியதெனினும், அதனை அவர்கள் எக்காலத்தும் தனித்து நின்று சுமந்தவரல்லர். உறவினரும் அயலாரும் அச்சுமையிற் பங்குகொண்டனர். இப்பிணைப்புகள் தளர்ந்தவிடத்துச் சங்கங்கள் தோன்றின. கண்டிப் பிரதேசத்தின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இவ்வளர்ச்சி ஒரே பாங்கில் நிகழவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வறிய பெற்றோரின் முதற் பகை கடனாகும். மகப்பேறு, நோய், கல்வி, திருமணம் ஆகிய ஒவ்வொன்றும் அவர்களை வட்டிக்காரனிடம் இட்டுச்சென்றது. ஜெர்மனியின் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் ரைபைசன் என்பார் தோற்றுவித்த கடனுதவிச் சங்கங்கள் இதற்கொரு மாற்றுவழியைக் காட்டின. அயலவர் ஒருவருக்கொருவர் பிணைநிற்பதே அவற்றின் அடிப்படையாகும். இலங்கையின் முதலாவது ஐக்கிய நாணய சங்கம் 1906இல் கண்டிக்குக் கிழக்கேயுள்ள தெல்தெனியவில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே பிறந்தது. சட்டத்திற்கு முன்னரே சங்கம் தோன்றியமை, தேவை எத்துணை உணரப்பட்டிருந்ததென்பதைப் புலப்படுத்துகின்றது.

தாய்மாரின் இயக்கம் வேறொரு வழியில் வந்தது. கனடாவில் 1889இல் தன் பச்சிளங் குழந்தையை இழந்த அடிலெய்ட் ஹூட்லஸ் என்னும் பெண்மணி, தூய்மையற்ற பாலே அதன் இறப்பிற்குக் காரணமெனக் கருதினார். பிற தாய்மார் அத்துயருறாதவாறு அறிவு புகட்ட முற்பட்டார். அம்முயற்சியிலிருந்து 1897இல் மாதர் நிறுவகம் உருவாயிற்று. கனடாவிற் பிறந்து, மருத்துவராக ஈழம் வந்து, தமிழர் ஒருவரை மணந்த மேரி இரட்ணம் அம்மையார், அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். கிராமத் தாய்மார் ஒன்றுகூடிச் சுகாதாரமும் சிசு பராமரிப்பும் கைத்தொழிலும் கற்க அது வழிவகுத்தது. 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கமும் தாய்மார் குழுக்களைத் தன் கிராமப் பணியின் ஓர் அங்கமாக்கியது.

தோட்டங்களின் நிலை இதனின்றும் வேறானது. கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிடப்பட்டது முதல், கொழுந்து பறிக்குந் தாயின் குழந்தையை யார் பார்ப்பதென்ற வினா எழுந்துகொண்டேயிருந்தது. அதற்கு விடையாக அமைந்த பிள்ளைக் காம்பரா தாய்மாரின் சங்கமன்று. வேலை தடைப்படாதிருக்க நிர்வாகம் செய்த ஏற்பாடாகும். கடனும் அவ்வாறே அவர்களைப் பிணித்தது. குறித்த தொகை செலுத்தப்படின் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’ 1921இலேயே ஒழிக்கப்பட்டது. எனினும் லயங்களில் மக்கள் வாளாவிருந்தாரல்லர். சீட்டும், கைமாற்றும், மரண சகாய நிதியும் அவர்கள் தாமே கண்ட வழிகளாம்.

இவை நிலையான சங்கங்களாக வளராமைக்கு யாது காரணம்? அறியாமையென்பது பொருந்தாது. பிணைநிற்பவர் நாளையும் அயலவராயிருப்பார் என்ற நம்பிக்கையே பரஸ்பர உதவியின் மூலதனமாகும். தோட்ட மக்களுக்கு அந்நம்பிக்கை மறுக்கப்பட்டது. குடியிருந்த காம்பரா அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சீட்டுப் பிடித்தவளும் சீட்டுக் கட்டியவளும் தலைமன்னார்த் துறையிற் பிரியுங்காலத்துச் சங்கம் எங்ஙனம் நிலைக்கும்? 1973–74இன் உணவுப் பஞ்சம் இக்குடும்பங்களை மேலும் சிதைத்தது. இச்சூழலிலேயே, 1972இற் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், தோட்டத் தமிழரையும் கிராமச் சிங்களவரையும் ஒன்றுகூட்டும் பணியை மேற்கொண்டது.

இவ்வுண்மை தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. முதற் சங்கங் கண்ட பழைய தெல்தெனிய நகரமே 1980களின் நடுப்பகுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. இடம்பெயர்ந்த கிராமத்துப் பெற்றோரும் புதிய அயலைப் புதிதாகவே தேடவேண்டியவராயினர்.

1978இற் கிரிவந்தெனிய அவர்களின் முயற்சியால் நாணய சங்கங்கள் ‘சணச’ என்னும் பெயரிற் புத்துயிர் பெற்றன. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஆயினும் லயத்து வாசலிற் காணியுரிமை இன்னும் முழுமையாக எட்டவில்லை. தொகுத்து நோக்குமிடத்து, பெற்றோருக்குச் சிக்கனமும் ஒற்றுமையும் போதிப்பதற்கு முன்னர், அவர்கள் நிலைத்துக் கூடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.